கொண்டியில் ஒரு துளை உனக்கு

விலிமோவ், நெப்ராஸ்கா
ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லூமிக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே அலாஸ்கா மீன் ஆலையில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உலர்ந்த காலுறை போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் பூனையும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் வானொலிக்காரனுக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும், பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு மீன் வெட்டப் போய்விடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாய் அல்லவா, அப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நீ சொன்னாய், "அம்மா, அந்தச் சோளம் உறிஞ்சுற மிஷின்காரனுக்காக ஏன் காத்துக்கிட்டு இருக்க, மே மாசம் பிறந்ததும் நான்தான் வர்றேனே, ஒரு கம்பியோட குதிருக்குள்ள எறங்கினா மத்தியானத்துக்குள்ள சோளத்தை ஓட விட்டுடுவேன்" என்று. நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா, "அங்க பனி நின்னுடுச்சாப்பா" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் வாத்துக் கொழுப்பு கருகி வீடெல்லாம் புகையான பிறகுதான் எழுந்தேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், காரியம் கெட்டுப்போகும். அதனால்தான் கடிதம். கேட்பது ஒன்றே ஒன்று, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ அந்தக் குதிருக்குள் இறங்கக் கூடாது. இனி எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்காக.

போன ஆகஸ்டில் அப்பா சோளத்துக்குள் புதைந்து செத்தாரே, அந்தத் தானியக் குதிர் நின்ற கோலத்தை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய், அவரை எடுக்கச் சுற்றிலும் ரம்பம் வைத்து அறுத்து, தகரம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. நீ கிளம்பிப் போன பிறகு அக்டோபரில் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வந்து நம் வயலை அறுத்துக் கொடுத்தார்கள் என்று சொன்னேனே, அது ஒரு சனிக்கிழமை. நம் பாதையில் அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்து நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும், பங்குச்சாமி முதல் வண்டியில் ஏறி நின்று தீர்த்தம் தெளித்தார், பெண்கள் எல்லாரும் நம் சமையலறையில் நின்று வறுத்த வாத்தும் புளித்த முட்டைக்கோசும் செய்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள், நான் ஒரு கரண்டி தொடவில்லை, என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவ்வளவு அன்பு. ஆனால் எல்லாருக்கும் தோதான நாள் அது ஒன்றுதான், சோளத்துக்குத் தோதான நாள் அது இல்லை. இன்னும் ஈரம் காயவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் ஒரு கதிரை உரித்து, மணியைக் கடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அன்றைக்கு அதை யார் சொல்வது, உதவிக்கு வந்தவர்களிடம் வேண்டாம் போங்கள் என்றா சொல்ல முடியும். ஈரத்தோடு பெரிய குதிரில் கொட்டினார்கள். குளிர்காலத்தில் காற்றாடி போட்டு விடுவது, ஏறிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது எல்லாம் அவர் வேலை, சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டார். மேலே சோளம் பூஞ்சை பிடித்துப் பாளம் கட்டிவிட்டது. மார்ச்சில் உன் சித்தப்பா மைலோ விற்பதற்காக அடியில் சோளத்தை வெளியே தள்ளுகிற மின்சாரத் திருகை ஓட விட்டான், இரண்டு வண்டி நிறைய வந்தது, பிறகு ஒரு மணிகூட வரவில்லை, திருகு மட்டும் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது.

உடனே மைலோ என்ன செய்தான் தெரியுமா, கொட்டகையிலிருந்து, அன்று அப்பா எடுத்துக்கொண்டு இறங்கிய அதே நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். "அஞ்சு நிமிஷ வேலை அண்ணி, மேல நின்னு நாலு குத்து குத்தினா பாளம் உடைஞ்சிடும், நீ காபியைப் போடு" என்றான். உன் அப்பாவும் அன்று அப்படித்தான் காபியைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஏணியின் அடியில் போய் நின்றுகொண்டேன். நகரு என்றான், நகர மாட்டேன் என்றேன். "ஊரே சிரிக்குது அண்ணி, சோளம் உள்ள அவிஞ்சுக்கிட்டு இருக்கு, நீ ஏணிக்குக் காவல் நிக்கிற" என்றான். சிரிக்கிறவன் வந்து என் கால்மேல் ஏறிக்கொண்டு போகட்டும் என்றேன். கம்பியைத் தரையில் போட்டுவிட்டுப் போனான். அவன் போனதும் ஏணியின் கீழ்ப்பாதியை நானே கழற்றி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். என் முழங்காலைப் பற்றி மேலே எழுதினேனே, அது அன்றைக்கு வந்ததுதான்.

அடுத்த வாரம் தீயணைப்புக் கொட்டகையில் பயிற்சி என்று கோயிலில் அறிவித்தார்கள், தானியத்தில் சிக்கியவனை எப்படி வெளியே எடுப்பது என்று. அப்பா போன பிறகுதான் ஊருக்கு அந்தப் புத்தி வந்திருக்கிறது. தலைநகரிலிருந்து ஜொலீன் என்று ஒரு பெண் வந்தாள், வண்டியின் பின்னால் சின்னதாகத் தானியக் குதிர் ஒன்றையே ஏற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு, அதில் உண்மையான சோளம். என்னை யாரும் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை, பலகாரத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். கசகசா வைத்தும் பிளம்பழம் வைத்தும் இரண்டு தட்டு கொலாச்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, காபிப் பானையோடு ஓரமாக நின்றேன். நம்ம ஊர் ஆம்பளைகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்ற முகத்தோடு நின்றார்கள். ஜொலீன் கேட்டாள், "உங்க ஆள் ஒருத்தர் நெஞ்சு வரைக்கும் சிக்கியிருக்கார், நீங்கதான் முதல்ல பாக்குறீங்க, முதல்ல என்ன செய்வீங்க?" எல்லாரும் ஒரே குரலில், ஏறிப்போய்க் கையைப் பிடிப்போம், கயிறு போட்டு இழுப்போம் என்றார்கள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "முதல்ல சுவிட்சை அணைக்கணும். அணைச்சு, பூட்டணும். அப்புறம்தான் ஆள்கிட்டப் போகணும். திருகு ஓடிக்கிட்டே இருந்தா நீங்க பிடிச்சிருக்கிற கையும் சேர்ந்து உள்ள போகும்" என்றாள். நான் மைலோவைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது, தொப்பியை எடுத்தான், மறுபடி போட்டான், வெளியே போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். லூமி, இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு அப்பாவை முதலில் பார்த்தது அவன்தான். சுவிட்சுப் பெட்டியைத் தாண்டித்தான் ஏணிக்கு ஓடினான். அண்ணனின் கையைப் பிடித்தான், இழுத்தான், அடியில் திருகு ஓடிக்கொண்டே இருந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள், நானும் அப்படித்தான் ஓடியிருப்பேன். இதை நீ அவனிடம் ஒருநாளும் கேட்காதே, முகத்திலும் காட்டாதே.

அப்புறம் ஜொலீன், ஒருத்தர் சோளத்துக்குள் இறங்க வேண்டும், அவரை வெளியே எடுத்துக் காட்டுகிறேன் என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. பள்ளி பஸ் ஓட்டுகிற கஸ், "நான் எறங்கினா அப்புறம் சோளத்தைத்தான் காப்பாத்தணும்" என்று தன் வயிற்றைத் தட்டினான், சிரிப்பு வந்தது, ஆனாலும் ஒருத்தரும் முன்னே வரவில்லை. நான் ஏப்ரனைக் கழற்றிக் காபிப் பானை மேல் போட்டுவிட்டு, நான் இறங்குகிறேன் என்றேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்லாருக்கும் தெரியுமே நான் யார் என்று. மைலோ எங்கிருந்தோ ஓடிவந்து, "அண்ணி, வேண்டாம், உனக்கு என்ன பைத்தியமா" என்றான். "நீ போய்க் காபி பொங்காம பாத்துக்க" என்றேன். ஜொலீன் மட்டும் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், என் தோளிலும் தொடையிலும் வார் கட்டி, மேலே கம்பியில் கொக்கியை மாட்டி, இரண்டு தரம் இழுத்துச் சரிபார்த்து இறக்கினாள்.

அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தாளும். முதலில் ஒன்றும் இல்லை, குழந்தையில் நீ சோளக் குவியலில் குதித்து விளையாடுவாயே அது போலத்தான். அடியில் கதவைக் கொஞ்சம் திறந்தாள், சோளம் ஓட ஆரம்பித்தது, என் கால் என்னுடையதாக இல்லாமல் போனது. முழங்கால் போனது, இடுப்பு போனது, அவள் கதவை மூடினாள். சுவரில் ஈரச் சிமெண்டு வைத்துப் பூசியது போல் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன், கால்விரலைக்கூட மடக்க முடியவில்லை. கஸும் இன்னொருவனும் என் கைகளைப் பிடித்து இழுத்தார்கள், ஜொலீன் இழுக்கச் சொன்னாள், வேண்டுமென்றே. தோள் கழன்றுவிடும் போல வலித்தது, உடம்பு ஒரு விரற்கடை நகரவில்லை. "பாத்தீங்களா, அவங்க கனம் இல்ல நீங்க தூக்குறது, சுத்தி இருக்கிற சோளத்தோட கனத்தையும் சேர்த்துத் தூக்குறீங்க" என்றாள். அப்போது எனக்கு ஒரு நிமிடம் இது விளையாட்டு என்பது மறந்துபோனது. உன் அப்பா எவ்வளவு நேரம் இப்படி நின்றார், யாரைக் கூப்பிட்டார், நான் சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தேனா என்றெல்லாம் ஓடியது. பிறகு என்னைச் சுற்றித் தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்தி இறக்கினார்கள், ஒன்றோடொன்று மாட்டி ஒரு பீப்பாய் மாதிரி என்னைச் சுற்றி நின்றது. உள்ளே இருக்கிற சோளத்தை ஒரு காபி டப்பாவால் அள்ளி வெளியே கொட்டினார்கள், கொட்டக் கொட்டக் கால் திரும்ப வந்தது, நானே ஏறி வெளியே வந்தேன், செருப்போடு. யாரும் இழுக்கவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தகடும் டப்பாவும். இதற்கு ஒரு ஊரே ரம்பத்தோடு நின்றதே.

ஜொலீன் கிளம்பும்போது என் கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுத்தாள், ஆறு பேர் ஆளுக்கொரு பூட்டைப் போடுவதற்கு ஆறு துளை உள்ள ஒரு கொண்டியும் கொடுத்தாள். உனக்குத் தெரிந்ததுதான், நீ கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது சொன்னாயே, மீன் அரைக்கிற இயந்திரத்துக்குள் இறங்கிச் சுத்தம் செய்வதற்கு முன்னால் சுவிட்சை அணைத்துவிட்டு உன் பூட்டைப் போடுவாய், பூட்டில் உன் படம் தொங்கும், சாவி உன்னிடம்தான் இருக்கும், "முதலாளியே வந்து நின்னாலும் அதைத் தொட முடியாது அம்மா, அது என் உயிரு" என்று பெருமையாகச் சொன்னாய். ரெய்னால்டோ என்கிற பிலிப்பினோக்காரர் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று அவரைக் குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஜொலீன் பூட்டைக் கொடுத்தபோது அதுதான் நினைவு வந்தது. அவளிடம் கேட்டேன், எங்களுக்கு மட்டும் ஏன் இதையெல்லாம் யாரும் முன்னாலேயே வந்து சொல்லவில்லை என்று. "குடும்பமே பாத்துக்கிற பண்ணைக்கு அரசாங்கத்துலேர்ந்து யாரும் வந்து பாக்க மாட்டாங்க அம்மா, சட்டம் உங்க வாசல் வரைக்கும் வராது" என்றாள். அப்படியென்றால் யோசித்துப் பார், அலாஸ்காவில் யாரோ ஒருவனுடைய ஆலையில் நீ பூட்டில்லாமல் ஒரு காலை உள்ளே வைக்க மாட்டாய், உன் அப்பா பிறந்த மண்ணுக்கு வந்தால் கம்பியோடு இறங்குவாயா? உன் உயிர் அங்கே மட்டும்தான் இருக்கிறதா? இங்கே வரும்போது அதை அங்கேயே ஒரு ஆணியில் மாட்டிவிட்டா வருவாய்? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதுகிறேன், அதனால் எழுத்து அப்படித் தெரிகிறது.

பூட்டைக் கொண்டுவந்து குதிரின் சுவிட்சுப் பெட்டியில் போட்டேன். காற்றாடிக்கு வேறு சுவிட்சு, அது ஓடுகிறது, கவலைப்படாதே. பூட்டோடு ஒரு அட்டை வந்தது, ஆபத்து, தொடாதே, என் உயிர் இதில் இருக்கிறது என்று அச்சடித்து, பெயருக்கும் படத்துக்கும் இடம் விட்டு. கோயில் புத்தகத்துக்கு அப்பாவை எடுத்தார்களே ஒரு படம், நான் கட்டிவிட்ட டையோடு, யாரோ டிராக்டரைக் கடன் கேட்டது போல முறைத்துக்கொண்டிருப்பாரே, அதை வெட்டி அதில் ஒட்டினேன். எமில் ஹவ்லிக் என்று எழுதினேன். அப்போது எனக்கு அதுதான் சரி என்று பட்டது. அவர் போட வேண்டிய பூட்டு, அவர் பேரில் இருக்கட்டும் என்று. தினமும் காலையில் கோழிக்குத் தீனி போடப் போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போவேன். மழை பெய்தால் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடுவேன். மைலோ பார்த்துவிட்டான். "செத்தவன் பேர்ல பூட்டா? என்னைக் குத்திக் காட்டத்தானே இந்தப் படத்தைத் தொங்க விட்டிருக்க" என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். உன் சித்தப்பா வாத்தை வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு மனசு உடைந்திருப்பான் என்று உனக்கே தெரியும். அவனைக் குத்த வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஆனால் அந்தப் படம் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

போன வாரம் உறிஞ்சுகிற இயந்திரக்காரன் டுவெய்ன் வந்து பார்த்தான். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். நீளக் குழாயைப் பக்கக் கதவு வழியாகவும் மேல் திறப்பு வழியாகவும் விட்டு வெளியே நின்றே உறிஞ்சிவிடலாம், ஒருத்தரும் உள்ளே கால் வைக்க வேண்டாம் என்றான். ஆனால் மண்பாதை இப்போது களிமாவு மாதிரி இளகிக் கிடக்கிறது, அவன் வண்டி அச்சு வரை இறங்கிவிடும், அதனால் மே பாதியில்தான் வருவான். அதற்குள் நீ வந்துவிடுவாய், அதுதான் என் பயம் எல்லாம். போகும்போது சுவிட்சுப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என்றேன். "எங்க இருக்கார், வேலை ஆரம்பிக்கும்போது அவர் வரணும்" என்றான். நான் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "மன்னிச்சுக்கங்கம்மா, வந்து கழட்ட ஆள் இல்லாத பூட்டு தொங்குற இடத்துல என் பசங்களை வேலை செய்ய விட மாட்டேன்" என்றான்.

ஜொலீனுக்குப் போன் செய்து கேட்டேன், ஆள் வர முடியாத பூட்டை எப்படிக் கழற்றுவது என்று. என்ன என்று கேட்டாள், எல்லாம் சொன்னேன். பிறகு சொன்னாள், "அம்மா, நான் உங்களைத் திட்ட மாட்டேன். ஆனா யாருமே உள்ள இல்லாத பூட்டு ஒண்ணு தொங்கிக்கிட்டே இருந்தா, அடுத்தவங்க பூட்டை வெட்டப் பழகிடுவாங்க. ஒருநாள் நிஜமா ஒருத்தர் உள்ள இருக்கும்போதும் வெட்டுவாங்க." அதற்கும் ஒரு விதி இருக்கிறதாம். போட்டவர் வர முடியாவிட்டால், பொறுப்பில் இருக்கிறவர் போய், அவர் உள்ளே இல்லை என்பதைத் தன் கண்ணால் உறுதி செய்துகொண்டு, பிறகு கழற்ற வேண்டும். கழற்றும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கழற்றக் கூடாது. தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு தரம் சொன்னாள்.

நான் வெள்ளிக்கிழமை காலையில் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இதுவரை ஒவ்வொரு தரமும் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன், இறங்கினதில்லை. அன்று இறங்கினேன். மேலே புல் வந்துவிட்டது லூமி, நன்றாகவே வந்திருக்கிறது, அவர் பார்த்தால் இதை யார் வெட்டுவது என்று கேட்பார். கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் நான் பிறந்த வருடத்தையும் வெட்டியிருக்கிறார்கள், மீதியைக் காலியாக விட்டு. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. உங்கள் பேரில் ஒரு பூட்டு இருக்கிறது, கழற்றப் போகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து, கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டு நிற்க, சாவியைப் போட்டுத் திருப்பினேன். பனியில் துருவேறி ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது, பிறகு திறந்தது. எமில் வெளியே வந்துவிட்டார் என்று சத்தமாகச் சொன்னேன். கேட்பதற்குக் கோழிகளும் பூனையும்தான் இருந்தன. ஆனாலும் சொன்னேன். பிறகு அதே பூட்டில் என் படத்தை ஒட்டி, அல்பினா ஹவ்லிக் என்று எழுதிப் போட்டேன், சாவி இப்போது என் கழுத்தில் சிலுவையோடு கிடக்கிறது, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுகிறது.

மறுநாள் மைலோ வந்தான். நான் கூப்பிடவில்லை. சுவிட்சுப் பெட்டியைப் போய்ப் பார்த்திருக்கிறான், பிறகுதான் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் அவன் அக்கார்டியன் பெட்டியின் பித்தளைப் பூட்டு, அட்டை ஒன்றை அவனே வெட்டி ஒட்டியிருக்கிறான், அதில் அவன் படம், போல்கா இசைக் குழுவில் இருந்த காலத்தில் எடுத்தது, அந்த மீசையோடு. "வேற படம் கெடைக்கல அண்ணி, உன்னோடதுக்குப் பக்கத்துல மாட்டலாமா" என்றான். இந்த மீசையைப் பார்த்தாலே எவனும் கிட்ட வர மாட்டான், பூட்டே வேண்டாம் என்றேன். சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் மேசையில் தலையை வைத்துக்கொண்டான். "அன்னிக்கு நான் சுவிட்ச் பக்கம் ஓடியிருக்கணும் அண்ணி" என்றான். எட்டு மாதமாக அதை அவன் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நீ உன் அண்ணனிடம் ஓடினாய், சாப்பிடு என்றேன். வாத்தை வைத்தேன், மாவு உருண்டையும் குழம்பும் வைத்தேன், மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு போய்த் தன் பூட்டையும் கொண்டியில் மாட்டினான். ஏணியின் கீழ்ப்பாதி எங்கே என்று கேட்டான், சொல்ல மாட்டேன் என்றேன்.

பூட்டைப் போட்டுவிட்டால் திருகு ஓடாதே, அப்புறம் இறங்கினால் என்ன என்று நீ கேட்பாய், உன் வாய் எனக்குத் தெரியாதா. அதையும் ஜொலீனிடம் கேட்டுவிட்டேன். மேலே பாளம், கீழே இரண்டு வண்டிச் சோளம் போன வெற்றிடம். அதன்மேல் கால் வைத்தால் ஏரியில் மெல்லிய பனிக்கட்டி மேல் கால் வைத்தது போலத்தான், திருகு ஓட வேண்டிய அவசியமே இல்லை. டுவெய்ன் வருகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் அழுகத்தான் செய்யும். அழுகட்டும் லூமி. அது சோளம். அடுத்த வருடமும் முளைக்கும்.

சரி, நிறைய எழுதிவிட்டேன், ரொட்டி மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது. கசகசாச் சுருள் ஒன்று தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன், ரெய்னால்டோவுக்கும் ஒரு துண்டு கொடு, தலையில் சோப்போடு வந்தாரே பாவம். இரவில் நனைந்த காலுறையோடு தூங்காதே. அப்பாவின் படத்தை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், பின்னால் பசை ஒட்டியிருக்கும், ஈரத் துணியால் துடை. சட்டைப் பையில் வைத்துக்கொள், எந்தப் பூட்டிலும் ஒட்டாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ எங்கே இறங்கினாலும் அதே வழியாக ஏறி வரச் செய்யட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கிளம்பும்போது உன் முதலாளியிடம் கேட்டு, உன் படம் போட்ட அந்தப் பூட்டைக் கொண்டுவா. தர மாட்டேன் என்றால் அம்மா கேட்டாள் என்று சொல். கொண்டியில் ஆறு துளை, ஒன்று என்னுடையது, ஒன்று மைலோவுடையது, மூன்று டுவெய்னின் ஆட்களுக்கு. ஒன்று காலியாக இருக்கிறது. நீ வந்ததும் பையை இறக்குவதற்கு முன்னால், என்னைக் கட்டிக்கொள்வதற்கும் முன்னால், நேராகப் போய் அதில் உன் பூட்டை மாட்டு, சாவியை உன் கழுத்தில் போட்டுக்கொள். பிறகு வீட்டுக்குள் வா, நான் காபியைப் போடுகிறேன்.

குதிருக்கு வெளியே உனக்காக நிற்கும்
உன் அம்மா
அல்பினா